ஆறுதலாகச் செல்லும் குதிரை

விளையாட்டு என்றதும் வெற்றியும் தோல்வியுமே பலரது நினைவுக்கு வருகின்றன. குறித்த இலக்கை விரைந்து எட்டுதலே ஆட்டத்தின் பயன் என்ற எண்ணம், கணினி விளையாட்டுக்களைப் பொறுத்தவரை மேலும் வலுப்பெற்றுள்ளது. இவ்வெண்ணத்தை மீள நோக்கத் தூண்டும் படைப்பு, றொக்ஸ்ரார் நிறுவனம் 2018 ஒக்ரோபரில் வெளியிட்ட ‘றெட் டெட் றிடெம்ப்ஷன் 2’ என்பதாகும்.

இதன் கதை 1899ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் நிலப்பரப்புக்களை ஒத்த கற்பனை மாநிலங்களில் நிகழ்கிறது. பிளாக்வோட்டர் நகரிலே கொள்ளை முயற்சியொன்று தோல்வியுற, டச் வான் டேர் லின்ட் என்பவனின் கூட்டம் பனிமலைக்குத் தப்பியோடுகிறது. அக்கூட்டத்தைச் சேர்ந்த ஆதர் மோர்கனாகவே ஆடுபவர் உலவுகிறார். இந்த ஆண்டு தற்செயலாகத் தெரிவுசெய்யப்பட்டதன்று. மேற்கிலே குடியேற்ற எல்லைக்கோடு என்று ஒன்று இல்லாதொழிந்துவிட்டதென 1890ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு காட்டிற்று. 1893இல் வரலாற்றாசிரியர் பிரெடெரிக் ஜக்சன் ரேணர் அதனை அமெரிக்க வரலாற்றின் ஒரு கட்டத்தின் முடிவாகக் கொண்டார். புகையிரதமும் எண்ணெய்க் கிணறும் துப்பறியும் முகவரும் சூழ்ந்துவிட்ட அவ்வுலகில், சட்டத்துக்குப் புறம்பாக வாழ்ந்தோர் ஒதுங்குதற்கு இடம் அருகி வந்தது.

இவ்விளையாட்டில் இருவகைக் காலங்கள் உள்ளன. கதைக்குரிய பணியொன்றை ஏற்றதும் ஆடுபவரின் சுதந்திரம் சுருங்குகிறது. வகுத்த பாதையினின்று விலகின், பணி தோல்வியுற்றதாகக் கொள்ளப்படும். பணிக்கு வெளியிலோ நிலைமை முற்றிலும் வேறு. குதிரையின் உடலைத் தேய்த்துத் துப்புரவாக்கித் தீனி கொடுத்தால், அதன் நட்பு நான்கு படிகளாக வளர்கிறது. துப்பாக்கி அழுக்கேறுகிறது, தாடி வளர்கிறது. வேட்டையாடிய விலங்கின் தோலை உரிக்கும் செயல் முழுமையாகக் காட்டப்படுகிறது. இரவிலே தீ மூட்டி இறைச்சி வாட்டலாம், கோப்பி காய்ச்சலாம். கண்ட விலங்குகளையும் செடிகளையும் ஆதர் தன் நாட்குறிப்பில் வரைந்து வைக்கிறான். விரைந்து செல்பவரின் நாட்குறிப்பில் அப்படங்கள் குறைவாகவே இருக்கும்.

இவற்றையெல்லாம் வீண்பொழுது எனக் கடிந்துகொள்வோர் உளர். அவர்கள் கதையின் ஓர் உண்மையைக் கவனித்தல் வேண்டும். கடன்பட்ட தோமஸ் டவுன்ஸ் என்னும் நோயாளியை அடித்துப் பணம் பெற முயல்கையில், அவரைப் பீடித்திருந்த சயரோகம் ஆதரையும் தொற்றுகிறது. நெடுங்காலத்தின் பின்னரே, செயின்ற் டெனிஸ் நகர மருத்துவர் அதனை அவனுக்கு அறிவிக்கிறார். ஆடுபவர் எவ்வழியைத் தெரிந்தாலும் ஆதரின் இறப்பைத் தவிர்த்தல் இயலாது. ஆயினும் அந்நோய் நாட்களின் எண்ணிக்கையால் முற்றுவதில்லை. கதை நகர்ந்தால் மட்டுமே முற்றுகிறது. ஆகவே, ஆற்றங்கரையில் தூண்டிலோடு கழியும் ஒவ்வொரு காலையும் ஆடுபவர் அவனுக்கு வழங்கும் ஆயுளாகிறது. ஆறுதலாக ஆடுதல் ஈண்டு சோம்பலன்று, ஒருவகை இரக்கம்.

எனினும் இரக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. தலைப்பிலுள்ள ‘றிடெம்ப்ஷன்’ என்னும் சொல் மீட்சியைக் குறிப்பது. அம்மீட்சி ஆற்றங்கரையில் கிட்டுவதன்று. டவுன்சின் மனைவிக்கும் மகனுக்கும் உதவுவதும், தோழன் ஜோன் மாஸ்ரனைத் தப்பிச் செல்லவைப்பதும் கதையின் பிற்பகுதியிலேயே வருகின்றன. கதையை நிறுத்திவைத்தால் ஆதர் வாழ்வான்; ஆனால் தான் இழைத்த தீங்குக்கு ஈடுசெய்யாதவனாகவே வாழ்வான். அவன் நல்லவனாகும் வழியும் இறப்பை நோக்கிய வழியும் ஒன்றே. அவனை நேசித்து வாழவைத்த ஆடுபவரே, ஒருநாள் அவ்வழியிற் குதிரையைத் திருப்பவேண்டியவராகிறார்.

அவ்வாறாயின் தாமதித்ததன் பயன் யாது? இறுதிப் பயணத்திலே ஆதரின் குதிரை சுடப்பட்டு வீழ்கிறது. விரைந்து வந்தவர்க்கு அது ஓர் ஊர்தியின் இழப்பு. நாள்தோறும் தேய்த்துத் தீனியிட்டு, மழையிலும் பனியிலும் அதனோடு அலைந்தவர்க்கோ அது ஒரு துணையின் பிரிவு. இருவரும் கண்ட முடிவு ஒன்றே. ஆறுதலாக வந்தவரே இழக்கப்பட்டது இன்னதென அறிவார்.