சாவகச்சேரியில் ஒரு பழைய மோட்டார்

யாழ்ப்பாண நகரிலிருந்து கண்டி வீதி வழியே புறப்படுவோர், அரியாலையைக் கடந்து, உவர்வெளி விரிந்து கிடக்கும் செம்மணியைத் தாண்டி, நாவற்குழிப் பாலத்தில் ஏறி இறங்கியதும் வேறொரு நாட்டினுட் புகுந்தவர் போலாவர். அதுவரை கண்ட செம்மண் தோட்டங்கள் மறைந்து, வெண்மணலும் தென்னையும் பலாவும் மாவும் எதிர்கொண்டு நிற்கும். அதுவே தென்மராட்சி. கைதடியையும் நுணாவிலையும் கடந்தால் சாவகச்சேரி. நகரிலிருந்து ஏறக்குறைய பத்துக் கட்டை தூரம். சாவகச்சேரிச் சந்தையின் பலாப்பழத்தைப் பற்றியும் மாம்பழத்தைப் பற்றியும் எழுதாதவர் இலர். ஆதலின் அவற்றை விடுத்து, இவ்வூர் வளவுகளிலே தென்னை நிழலில் ஒதுங்கி நிற்கும் மற்றொரு செல்வத்தைப் பற்றிச் சிறிது கூறலாமென எண்ணுகிறேன். பழைய மோட்டார் வண்டிகளே அச்செல்வம்.

குடாநாட்டிற்கு முதன்முறை வருவோர் வியந்து நோக்கும் பொருள்களுள் இவ்வண்டிகளும் அடங்கும். இங்கிலாந்தின் லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ-40 சோமசெற், அதற்கு முன்வந்த டெவன், பின்வந்த கேம்பிரிட்ஜ், அலெக் இசிகோனிஸ் என்னும் வல்லுநர் வகுத்து 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனர் ஆகியவை, பிறந்த நாட்டிலே காட்சிப் பொருளாய்ப் போன பின்னரும், இங்கே நெடுங்காலம் மணமக்களையும் நோயாளரையும் சந்தை மூட்டைகளையும் சுமந்து திரிந்தன. யாழ்ப்பாணத்தார் சிக்கனக்காரர், பழையதை எறிய மனம் வராதவர் என்று வெளியூரார் நகைப்பதுண்டு. அந்நகைப்பிற் சிறிது உண்மை இருக்கலாம். ஆயினும் முழுக் காரணம் அதுவன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி முடை காரணமாக அரசாங்கம் புதிய கார்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 1977 வரையில் அக்கட்டு பெரிதும் தளரவில்லை. அதன் பின்னர்த் தென்னிலங்கையார் யப்பானிய வண்டிகளுக்கு மாறினர். வடக்கில் அம்மாற்றம் வேரூன்றுமுன் போர் வந்து வழியை அடைத்தது.

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மண்ணெண்ணெயே, அதுவும் அளவோடு, கொள்ளை விலைக்குக் கிடைத்தது. பெற்றோலுக்கென்று அமைத்த இயந்திரம் மண்ணெண்ணெயை எளிதில் ஏற்பதில்லை. குளிர்ந்திருக்கையில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலிற் காத்து வைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபுரேற்றரில் விட்டு இயந்திரத்தை எழுப்பி, அது நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெயைக் குடிக்கப் பழக்கவேண்டும். நடுவழியில் நின்று ஆறிப்போனால், மீண்டும் அந்தப் போத்தலைத் தேடவேண்டும்.

இங்கேதான் பழைய வண்டியின் பெருமை வெளிப்பட்டது. அழுத்தம் மிகுந்த புதிய இயந்திரங்களில் மண்ணெண்ணெய் உரிய கணத்திற்கு முன்னரே வெடித்து, உள்ளுறுப்புகளைத் தட்டிச் சிதைக்கும். ஐம்பதுகளின் தொடக்கத்து ஆங்கிலேய இயந்திரங்களோ, உலகப் போருக்குப் பின்னர் அந்நாட்டிற் கிடைத்த தரங் குறைந்த பெற்றோலுக்கு ஏற்ப அழுத்தங் குறைவாய் அமைந்தவை. இளைய வண்டி படுத்துவிட, கிழட்டு வண்டி இருமிக்கொண்டே ஓடிற்று. அதற்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் உருளையின் சுவரில் வழிந்து கீழிறங்கி, மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். எண்ணெயை மாற்றினால் தீரும். மாற்றுதற்கு எண்ணெய் எங்கே?

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் கால்நடையாயும் சைக்கிளிலும் வண்டிகளிலும் மழையினூடே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு வந்தனர். சாவகச்சேரியின் வீடுகளும் பள்ளிகளும் கோயில் மண்டபங்களும் நிரம்பி வழிந்தன. அடுத்த ஐந்தாண்டிற்குள், 2000 இல், சாவகச்சேரியாரே ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. அவ்வாண்டுச் சண்டையிற் பட்டினம் இடிந்து பாழாயிற்று. மீண்டு வந்தோரிற் பலர் கூரையற்ற வீட்டையும், கொட்டிலோடு குடைசாய்ந்த காரையும் கண்டனர்.

இவற்றையெல்லாம் நூலிற் படிப்பது ஒன்று. ஒரு வண்டியின் மேற்பூச்சிற் படிப்பது வேறு. அண்மையிற் பங்குனி மாதத்திலே, சந்தைக்கு அப்பால் ஓர் ஒழுங்கையில், இளைப்பாறிய ஆசிரியர் ஒருவரின் வளவில் அதனைக் கண்டேன். வீட்டோடு சாய்த்திறக்கிய தகரக் கொட்டில். பக்கங்களுக்குக் கிடுகு. நடுவே நான்கு மரக்குற்றிகளின்மேல் சக்கரமின்றி அமர்ந்திருந்தது 1955 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். அதுவும் இங்கே அரிதிற் காணும் இனம்: துணிக்கூரையை மடித்துப் பின்னே தள்ளிவிடும் திறந்த வண்டி. முன்கண்ணாடி நடுவே பிரிந்து இரு பாதியாய் நின்றது. திரும்பும் திசையைக் காட்ட விளக்கிற்குப் பதிலாகப் பக்கத்திலிருந்து வெளியே நீளும் சிறு கைகாட்டிகள். இயந்திரமோ 803 கன சென்ரிமீற்றர். இக்காலத்து மோட்டார் சைக்கிள்களிற் சில அதனினும் பெரியவை.

எழுபது வயதைத் தாண்டிய ஒரு மெக்கானிக்கர் அதன் அடியிற் படுத்திருந்தார். ஊரில் அவரை அண்ணை என்றே யாவரும் அழைக்கின்றனர்.

திறந்த வண்டியைப் புதுக்குவது மற்றவற்றைப் புதுக்குவதினும் கடினமென்பதை அவரிடமே அறிந்தேன். சோமசெற் போன்றவற்றுக்கு அடியில் தனியே ஓர் இரும்புச் சட்டகம் உண்டு. உடல் அதன்மேல் அமர்ந்திருக்கும். மொறிஸ் மைனருக்கோ உடலே சட்டகம். கூரையும் தூணும் அடித்தளமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன. கூரையை நீக்கித் துணியைப் போட்டால், கூரை தாங்கிய பாரம் கதவுகளின் கீழ் ஓடும் இரும்பு விளிம்புகளின்மேல் விழுகிறது. தொழிற்சாலையார் அவ்விடத்தை வலுப்படுத்தியே அனுப்பினர். ஆனால் தென்மராட்சிக்குத் தெற்கே கடனீரேரி, வடமேற்கே உப்பாறு. உப்புக் காற்றுக்கு இருபுறமும் வாயில். கறள் பிடிப்பதும் முதலில் அவ்விளிம்புகளிலேதான். விளிம்பு உளுத்தால் வண்டி நடுவே தொய்யும். கதவு ஒருநாள் இறுகும், மறுநாள் தானே திறக்கும்.

உளுத்த விளிம்பை வெட்டி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்தலாமே என்று நான் கேட்டேன். "வெட்டினா வண்டி ரெண்டா மடிஞ்சு போம் ஐயா" என்றார் அண்ணை. முதலிற் கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் கோலொன்றை ஒட்டவைத்து, வாயிலின் அகலத்தை மேலும் கீழும் அளந்து சுவரில் எழுதிக்கொள்கிறார். பின்னரே ஒரு பக்கத்து விளிம்பை வெட்டுகிறார். அப்பக்கம் முற்றாக ஒட்டி முடியுமுன் மறுபக்கத்தைத் தொடுவதில்லை. நூலளவு பிசகினும் கதவு வாழ்நாள் முழுவதும் முறைப்படி பொருந்தாதாம். அவர் வெட்டி எடுத்த துண்டொன்றைக் காட்டினார். எண்ணெய்ப் பீப்பாயின் தகடு! தடைக் காலத்தில் அவரே வைத்த ஒட்டு. 1990களிலே தென்னிலங்கையில் மொறிஸ் மைனருக்குரிய தகடுகள் செய்து இங்கிலாந்திற்கு அனுப்பினர் என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. கடல் கடந்து சென்ற தகடு ஆனையிறவைக் கடந்து வர வழியிருக்கவில்லை.

இனிப் பூச்சிற்கு வருவோம். பழைய பூச்சின் ஓரிடத்தை நீரில் நனைத்த அரத்தாளால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டு போனால், ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாய்த் தோன்றும். அறுத்த மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்றது அது. முன்கதவில் அண்ணை அவ்வாறு தேய்த்து வைத்திருந்தார். வெளி வளையம் சிவப்பு. 2002 இல் கண்டி வீதி திறந்த பின்னர், கொழும்பிலிருந்து வந்த பெயின்றைக் கொண்டு அடித்தது. அதனுள்ளே தடித்த, மேடுபள்ளமான பச்சை. அதனுள் வெள்ளை. நடுவிலே, இரும்பை ஒட்டி, தொழிற்சாலையார் பூசிய சாம்பல் நிறம். கிளாறெண்டன் சாம்பல் என்பது அதன் பெயர். ஐயமுள்ளவர் முன்பலகையின் பின்புறத்தையும் கதவின் உட்தகட்டையும் பார்க்கலாம். பின்வந்த பூச்சு எதுவும் எட்டாத அவ்விடங்களில் முதல் நிறம் அவ்வாறே இருக்கும்.

அந்தப் பச்சை கார்ப் பூச்சன்று. யன்னலுக்கு அடிக்கும் பெயின்ற். தூரிகையின் மயிரொன்று இன்னும் அதில் ஒட்டியிருந்தது. வானிலிருந்து குண்டு விழுந்த காலத்தில் வெள்ளைக் கார் கண்ணிற்படுமென அஞ்சி, எஞ்சிய யன்னற் பெயின்றை ஆசிரியரின் மனைவியார் தம் கையாலேயே பூசினாராம். அந்தப் பச்சை வண்டியில்தான் 1995 இன் இறுதி நாள்களில் நாவற்குழியிலிருந்து கிழவர்களையும் குழந்தைகளையும் ஆசிரியர் ஏற்றி வந்தார். எத்தனை நடை என்பது அவருக்கு நினைவில்லை. அந்த அம்மையார் காலமாகிச் சில ஆண்டுகளாகின்றன.

கனடாவிலுள்ள மகன் பணம் அனுப்பியிருக்கிறார். இரும்பு தெரியும்வரை எல்லாவற்றையும் சுரண்டி, தம் பாட்டனார் வாங்கிய நாளில் இருந்த சாம்பல் நிறத்தையே அடிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். ஆசிரியர் அதனை மறுக்கவில்லை. ஆயினும் சுரண்டும் வேலை பச்சையை எட்டியபோது, "கொஞ்சம் பொறுங்கோ அண்ணை" என்று இரண்டு கிழமை நிறுத்தி வைத்துவிட்டார்.

அண்ணையின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. "மாஸ்ரர், உள்ளுக்குக் கறள் ஓடுது. கறளுக்கு மேல பெயின்ற் அடிக்கிறது புண்ணுக்கு மேல பவுடர் போடுற மாதிரி" என்றார். பூச்சை வைத்திருந்தால் வண்டி போய்விடும். வண்டி போனால் பூச்சும் போய்விடும். பழைய வண்டிகளைப் போற்றுவோருள் இரு சாரார் உளர். பிறந்த நாளின் கோலத்திற்கே மீட்கவேண்டும் என்பர் ஒருசாரார். பட்ட வடுவெல்லாம் வரலாறு, தொடவே கூடாது என்பர் மற்றவர். உப்புக் காற்றில் வாழாதவர்க்கே பின்னைய கொள்கை எளிது என்பது என் எண்ணம். ஆனால் முன்னையவர் சொல்லும் "பிறந்த கோலம்" என்பதும் முழு உண்மையன்று. இவ்வண்டி இங்கிலாந்திற் செய்யப்பட்டது; அதனைச் சாகாமற் காத்தது சாவகச்சேரி. ஆங்கிலேயத் தொழிற்சாலை பூசிய நிறத்தை மட்டும் மெய்யென்று கொண்டு, பீப்பாய்த் தகட்டையும் யன்னற் பெயின்றையும் அழுக்கெனக் கழிப்பது எவ்வாறு நியாயமாகும்?

வழி கண்டவர் அண்ணையே. பின்பெட்டி மூடியின் உட்புறத்தில் கறள் இல்லை. அம்மையார் மீந்த பெயின்றை அங்கேயும் பூசியிருந்தார். அதனைத் தொடாமல் விடுவது, மற்றெல்லாம் சுரண்டுவது என்று முடிவாயிற்று. பழைய கார்ப் போட்டியிலே நடுவர் எவராவது மூடியைத் திறந்து பார்த்துப் புள்ளியைக் குறைப்பாராயின், தாராளமாகக் குறைக்கட்டும்.

வீட்டுக் கொட்டிலிற் பூச்சு அடிப்பதற்கு நாள் பார்க்கவேண்டும், சோதிடரிடமன்று, காற்றிடம். ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி. ஈரக்காற்றில் செலுலோசுப் பூச்சை அடித்தால், கரைப்பான் விரைந்து ஆவியாகித் தகட்டைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அதன்மேற் படிந்து பூச்சு பால்போல் வெளிறிவிடும். சோளகம் வீசும் மாதங்களிலோ மணல் பறக்கும். இரண்டிற்கும் இடைப்பட்ட பங்குனியிலும், பனி நீங்கிய பின், வெயில் ஏறுமுன் உள்ள சிறு பொழுதே ஏற்றது. தகடு மிகச் சூடானால், துளிகள் பரவிச் சமனாகுமுன் காய்ந்து தோடம்பழத் தோல்போலாகும். அண்ணை கிணற்றுநீர் அள்ளி நிலத்தை நனைத்துப் புழுதியை அடக்கி, கிடுகின் உட்புறம் துணி கட்டி, மெல்லிய பூச்சாகப் பலமுறை அடிக்கிறார். ஒரே முறையில் தடிக்க அடிப்பவன் வழிவதைத் துடைத்தே மாள்வான் என்பது அவர் வாக்கு.

இக்காலத்து இருகலவைப் பூச்சுகள் உறுதியானவை, பளபளப்பும் மிக்கவை. ஆனால் அவற்றின் இறுகுபொருளில் உள்ள ஐசோசயனேற்று மூச்சுக்குழலைக் கெடுத்து ஆஸ்துமாவை விளைவிக்கும். முகத்திற் கட்டும் துணி அதனைத் தடுக்காது. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழி தரும் முகமூடி வேண்டும். அது இல்லாத வீட்டுக் கொட்டிலில் அவற்றை அடிக்கலாகாது. அண்ணை பழைய செலுலோசையே பற்றி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கும் ஏற்ற வடிகட்டியுள்ள முகமூடி வேண்டும். எளிதில் தீப்பற்றுமாதலின் அடுப்பும் பீடியும் அண்டலாகாது.

இத்தகைய வண்டிகளின் விலை இப்போது ஏறியுள்ளது. 2020 இல் வாகன இறக்குமதி மீண்டும் தடைப்பட்டு, 2025 இலேயே தனியார் கார்களுக்கு வழி திறந்தது. அவ்விடைக்காலத்தில் ஓடுகிற எதற்கும் மதிப்பு ஏறிற்று. இவ்வண்டியையும் விலைக்குக் கேட்டுத் தெற்கிலிருந்து இருவர் வந்து போயினராம். இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துகள் உள்ளனவா என்பதையே அவர்கள் முதலிற் பார்த்தனர். 1957 முதல் புதிதாகப் பதிவான வண்டிகளுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. அதனை எதிர்த்துத் தமிழர் நடத்திய கிளர்ச்சியை மூத்த வாசகர் அறிவர். அதற்கு முற்பட்ட வண்டிக்கு ஆங்கில எழுத்தே சான்று. ஆசிரியர் விற்பதாயில்லை. அவர்க்குப் பின் என்னாகும் என்பதை எவரும் கேட்கவில்லை. அண்ணையிடம் தொழில் பயின்ற இளைஞர் மூவரில் இருவர் வெளிநாடு சென்றுவிட்டனர். மூன்றாமவன் முச்சக்கர வண்டிகளைத் திருத்துகிறான். ஞாயிறுதோறும் வந்து அரத்தாள் பிடிக்கிறான்.

நான் சென்றபோது உடலின் சாம்பற் பூச்சு முடிந்து, மினுக்குவதற்குமுன் காய்ந்துகொண்டிருந்தது. கூரையின் இரும்பு விலாக்கள் தனியே தென்னையிற் சாத்தியிருந்தன. பழைய துணி கந்தலாய்ப் போயிற்று. ஆனாலும் எறியவில்லை, தையலுக்கு அளவு அதுதான். பிரித்த துண்டுகளில் இன்ன துண்டு இன்ன பக்கம் என்று ஆசிரியர் சுண்ணக்கட்டியால் தமிழில் இலக்கமிட்டு அடுக்கி வைத்திருந்தார். கொடிகாமத்தில் கூடாரத் துணி தைக்கும் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஐப்பசி மழைக்கு முன் தந்துவிட வேண்டும் என்பதே பேச்சு.