மஞ்சள் வயர்

பூண்டுலோயாவில் ஹோர்ன் அடிக்காத காரை யாரும் வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். தலவாக்கலைப் பக்கமிருந்து இறங்கும் பாதையில், எதிரே வரும் கொழுந்து லொறி கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்குத்தான் தெரியவேண்டும். அதனால் ஹோர்ன் கெட்டால் அன்றைக்கே கராஜுக்கு ஓடிவருவார்கள். அதே காரின் டாஷ்போர்டில் மாதக்கணக்காக எரிந்துகொண்டிருக்கும் எயார்பேக் விளக்கைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. பல நேரங்களில் இரண்டுக்கும் காரணம் ஒரே சாமான் என்பதை டவுனுக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு சின்ன கராஜில்தான் தெரிந்துகொண்டேன்.

ஸ்பைரல் கேபிள் என்கிறார்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் கடிகார ஸ்பிரிங்கைப் போலச் சுருண்டு கிடக்கும் தட்டையான நாடா. ஸ்டியரிங் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஹோர்னுக்கும் எயார்பேக்குக்கும் மின்சாரம் அறுந்துபோகாமல் கொண்டுபோவது அதன் வேலை. "நம்ம ரோட்டுல எத்தனை வளைவு! சுத்திச் சுத்தியே நாடா அறுந்துபோகுது" என்றார் கராஜ் பாஸ். "ஆளுங்க ஹோர்னுக்கு மட்டுந்தான் காசு குடுப்பாங்க. டாஷ்போர்டுல தனியா ஒரு சுவிட்ச் போட்டுக் குடுங்கண்ணே, போதும்பாங்க. எயார்பேக் செத்தது செத்ததுதான்."

பாஸ் தோட்டத்து லயத்தில் பிறந்து கொழும்பில் தொழில் பழகியவர். மெக்கானிக் வேலையும் வயரிங்கும் அவரே. கூடவே தொழில் பழகும் ஒரு கோலயா பையன். ஒரு பழைய கொரோலாவின் ஸ்டியரிங்கைக் கழற்றும் வேலை அன்று நடந்தது. முதலில் பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினார். பிறகு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். சோம்பல் என்று நினைத்துவிடக் கூடாது. பற்றரியைக் கழற்றிய பிறகும் எயார்பேக்கை வெடிக்கவைக்கப் போதுமான மின்சாரம் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். டொயோட்டாவின் கைநூல்கள் குறைந்தது 90 விநாடி காத்திருக்கச் சொல்கின்றன. பாஸ் கைநூல் படித்தவர் அல்லர். கொழும்பில் அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அப்படிச் செய்வாராம்.

கழற்றிய எயார்பேக்கைப் பையன் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டான். "டேய், மூஞ்சி மேல பாக்க வைடா! கவுத்து வச்சு வெடிச்சா முழு சாமானும் கூரைக்குப் போயிரும்." அந்த அதட்டலில் ஒரு முழுப் பாடம் இருந்தது. துணிப்பை விரிய ஏறத்தாழ 30 மில்லி விநாடி போதும். அந்த வேகத்துக்காக உள்ளே வைத்திருப்பது ஓர் எரிமருந்து. மஞ்சள் நிறத்தில் வரும் எயார்பேக் வயர்களில் மீட்டர் வைத்துச் சோதிப்பதும் கூடாது. மீட்டரின் சிறு மின்சாரமே அதைத் தூண்டிவிடக் கூடும். இத்தகைய பொருளைக் கையாள இந்தக் கராஜ்களில் இருப்பவர்களுக்கு வாய்வழி வந்த பாடத்தைத் தவிர வேறு பயிற்சி இல்லை. அது இருக்கும்வரை நம் அதிர்ஷ்டம்.

எல்லோரும் இந்த பாஸைப் போல வேலை செய்வதில்லை. மலைக்கு வரும் கார்கள் பெரும்பாலும் ஜப்பானில் சில வருடம், கொழும்பில் சில வருடம், பிறகு கண்டியில் என்று கைமாறி வந்தவை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளே தங்கமாகின. முன்பு எங்கோ மோதி எயார்பேக் விரிந்த காரில் வெறும் மூடியை ஒட்டி, எச்சரிக்கை விளக்கு எரியாதிருக்க ஒரு ரெசிஸ்டரைச் செருகி விற்றிருக்கிறார்கள். இன்னும் சிலர் அந்த விளக்கின் வயரை ஒயில் விளக்கோடு சேர்த்துவிடுவார்களாம். இரண்டாவது தந்திரத்தைப் பிடிக்க பாஸ் சொன்ன வழி எளிது. சாவியைத் திருப்புங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். எயார்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லையென்றாலும், ஸ்டார்ட் செய்த பிறகுதான் அணைகிறது என்றாலும் யாரோ கை வைத்திருக்கக் கூடும். ரெசிஸ்டர் இந்தச் சோதனைக்கும் தப்பிவிடும். அதற்கு மூடியைக் கழற்றிப் பார்ப்பது ஒன்றே வழி.

செத்த எயார்பேக் காப்பாற்றாது, அவ்வளவுதான். உயிரோடிருக்கும் சிலவோ ஆளையே கொல்லும். ஜப்பானின் டக்காட்டா கம்பனி அம்மோனியம் நைத்திரேற்றை எரிமருந்தாகப் பயன்படுத்தியது. வெப்பமும் ஈரப்பதமும் வருடக்கணக்கில் பட்டால் அது சிதைந்து, மோதும்போது அளவுக்கு மீறி எரியும். இரும்பு உறை உடைந்து சில்லுகள் ஓட்டுபவரின் கழுத்துக்குப் பாயும். 2014இல் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், மெதுவாக நடந்த ஒரு மோதலில் கர்ப்பிணிப் பெண் ஒருவர் அப்படித்தான் இறந்தார். அமெரிக்காவில் மட்டும் சுமார் 67 மில்லியன் பைகள் மீளழைக்கப்பட்டன. 2017இல் கம்பனி திவாலானது. இங்கே அதிகம் ஓடும் பழைய கொரோலா, ஹொண்டா ஃபிட் வகைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. பூண்டுலோயா குளிர் ஊர்தானே என்று ஆறுதல் கொள்ள முடியாது. கொழும்பு வெயிலைக் குடித்த பிறகல்லவா அவை மலையேறுகின்றன?

இதையெல்லாம் அரசாங்கம் பார்க்காதா என்று கேட்டேன். பாஸ் சிரித்தார். தனியார் காருக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைச் சோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் கேட்பார்கள். எயார்பேக்கை எவரும் கேட்பதில்லை. 2025 மே மாதம் கொத்மலை கரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் அதிகமானோர் இறந்தபின் பாதுகாப்பைப் பற்றி நாடே பேசியது. அந்தப் பேச்சு எயார்பேக் பக்கம் வந்ததாகத் தெரியவில்லை. புகையை அளக்க நிலையம் அமைக்கத் தெரிந்த அரசுக்கு, அதே இடத்தில் ஒரு விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்க்கச் சொல்வது பெரிய செலவில்லை.

கராஜில் நின்ற வண்டிகளில் இன்னொன்றையும் கவனித்தேன். இடதுபக்க ஆசனத்துக்கு நேரே, எயார்பேக் மூடியின் மேலேயே பிள்ளையாரோ முருகனோ புத்தரோ பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தார்கள். பை விரிந்தால் அந்தச் சிலை முகத்துக்கு வரும். அதே ஆசனத்தில் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு தாய்மார் போவதையும் டவுனில் சாதாரணமாகப் பார்க்கலாம். சாமி வண்டியில் இருக்கட்டும், அந்த மூடியின் மேல் வேண்டாம். பிள்ளை பின் ஆசனத்தில் இருக்கட்டும்.

வாகனப் புத்தகத்தில் உள்ள செசி இலக்கத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அதைக் கம்பனியின் இலங்கை முகவரிடம் கொடுத்து, எயார்பேக் மீளழைப்பு உண்டா என்று கேளுங்கள். ஜப்பானிலிருந்து வந்த வண்டியென்றால் டொயோட்டா, ஹொண்டா கம்பனிகளின் ஜப்பானிய இணையத்தளத்திலும் அந்த இலக்கத்தைத் தேடலாம். பக்கம் ஜப்பானிய மொழியில் இருக்கும், வீட்டுப் பிள்ளைகளின் கைத்தொலைபேசி மொழிபெயர்த்துத் தரும். பட்டியலில் இருந்தால், மாற்றும்வரை அந்த வண்டியை எடுக்காதீர்கள்.