பலகைக்கு என்ன விலை?

பாடசாலை விட்டதும் பெரியமடுவின் கொங்கிறீற்றுப் பாதையிலே என் மாணவர் மூவரைக் காண்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு பலகைத் துண்டு. அதன் அடியிலே, பழைய மோட்டார்ச் சைக்கிள்களிலிருந்து கழற்றிய நான்கு போல் பெயாரிங்குகள். ஒருவன் ஏறி நிற்பான்; மற்றிருவரும் தள்ளுவர். சென்ற மாதம் ஒருநாள், எதிரே வந்த உழவு இயந்திரத்துக்கு விலகப்போய் ஒருவன் விழுந்தான். இரத்தம் வழிந்த முழங்காலைக் கழுவிக் கட்டிக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான்: "சேர், வெளிநாட்டில ஸ்கேட்போர்ட் ஓட்டுறதுக்கென்றே இடம் கட்டியிருக்காங்க. போன்ல பார்த்தோம். நமக்கும் யாராவது கட்டித் தருவாங்களா?"

'யாராவது' என்னும் அச்சொல் என்னை உறுத்திற்று. கட்டித் தருபவர் யார்? அதற்கு அவர் கேட்கும் விலை யாது?

நான் அவ்விலையைக் கொடுத்து விளையாடியவன். 1999ஆம் ஆண்டு, போரினால் இடம்பெயர்ந்து வன்னியிலே ஒரு முகாமில் இருந்தோம். அங்கே சமயப் பணியாளர் குழுவொன்று கரப்பந்துத் திடல் அமைத்திருந்தது. காசு இல்லை, கட்டணம் இல்லை. ஆனால் அரைமணி நேரம் செபத்தில் அமர்ந்தவனுக்கே பந்து. நானும் கண்களை மூடினேன். கடவுளுக்காக மூடவில்லை, பந்துக்காக மூடினேன். என் தோழன் ஒருவனை அவன் தந்தை செபத்துக்குப் போகக் கூடாதென்று தடுத்துவிட்டார். அவன் கம்பி வேலிக்கு வெளியே நின்று நாங்கள் ஆடுவதைப் பார்த்திருந்தான். அத்திடலை நடத்திய இளைஞரோ நல்லவர். என் தங்கை காய்ச்சலில் கிடந்த இரவு, அவளைத் தோளில் சுமந்து வைத்தியரிடம் ஓடியவர் அவரே. ஆதலால் அவரை வெறுக்க என்னால் இயலவில்லை. வேலிக்கு வெளியே நின்ற தோழனை மறக்கவும் இயலவில்லை.

விளையாட்டின் வழியே இளைஞரைத் திருச்சபைக்கு அழைப்பது பழைய மரபு. இத்தாலியின் தூரின் நகரில் 1841ஆம் ஆண்டு தொன் போஸ்கோ என்ற குரு, தெருவிலே திரிந்த சிறுவரைக் கூட்டி விளையாட இடம் தேடத் தொடங்கினார். கட்டடம் கட்டும் கொத்தர்களின் எடுபிடிகளும் புகைபோக்கி துடைக்கும் பையன்களும் அவரிடம் வந்தனர். அவர் செபம் கற்பித்தார் என்பது மெய். எனினும் 1852 அளவில், தொழில் பயிலும் சிறுவருக்காக அவர்தம் முதலாளிமாரோடு எழுத்திலே ஒப்பந்தமும் செய்வித்தார். அடிக்கலாகாது, ஞாயிறு ஓய்வு தரவேண்டும் என அதில் விதிகள் இருந்தன. உழைக்கும் பிள்ளையின் உரிமையை அறிந்த அந்த மனத்தை நாம் வணங்கலாம்.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரிலே 1987இல் தோன்றிய 'ஸ்கேட்சர்ச்' இம்மரபின் இன்னொரு கிளை. கடை வாசல்களிலிருந்தும் நடைபாதைகளிலிருந்தும் துரத்தப்பட்ட சறுக்குப் பலகைச் சிறுவருக்குத் தேவாலயமொன்று தன் வாகனத் தரிப்பிடத்தைத் திறந்துவிட்டது. பின்னர் கூரையின் கீழே சறுக்குத் திடலும் எழுந்தது. இடையிலே ஆட்டம் நிற்கும். வேதப் பேச்சு நடக்கும். ஊர் வெறுத்த பிள்ளைகளை ஏற்றுக்கொண்டது அன்பே. ஆனால் அந்நகரம் அவர்களுக்கு இடம் மறுத்திராவிட்டால் அந்த அன்புக்கு அத்தனை தேவை ஏது?

மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்திலுள்ள சன்வார் கிராமத்தில் 2015இல் ஒரு திடல் எழுந்தது. உல்ரிக்கே ரைன்ஹார்ட் என்ற ஜெர்மானியப் பெண்மணி முன்னின்று அமைத்தார். அங்கும் இரு விதிகள் வகுக்கப்பட்டன: பள்ளி செல்லாதவர்க்குப் பலகை இல்லை, பெண்களுக்கே முதலிடம். முன்பு ஒதுங்கி வாழ்ந்த ஆதிவாசிப் பிள்ளைகளும் யாதவப் பிள்ளைகளும் ஒரே திடலில் சேர்ந்து சறுக்கினர். ஆசா கோண்ட் என்ற ஆதிவாசிப் பெண் 2018இல் சீனாவின் நான்சிங் நகரில் நடந்த உலகப் போட்டி வரை சென்றாள்.

'அங்கும் நிபந்தனைதானே?' என வாசகர் கேட்கலாம். ஆம். எனினும் பள்ளிக்கூடத்தின் வாசல் எல்லார்க்கும் பொது. அதனுள் நுழைய எந்தப் பிள்ளையும் தன் வீட்டு நம்பிக்கையைப் படலைக்கு வெளியே கழற்றிவைக்க வேண்டியதில்லை. ஒரு மதத்தின் செபம் அவ்வாறு பொதுவாகாது.

பெரியமடுவில் இவ்வேறுபாடு சிறியதன்று. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றியபோது இவ்வூர் மக்களும் வீடிழந்தனர். புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களிலே ஒரு தலைமுறை வளர்ந்தது. போர் 2009இல் முடிந்த பின்னரே பலர் மீண்டனர். பள்ளிவாசலும் கோயிலும் மடு மாதாவின் ஆலயமும் ஒரு நாட்பயணத்துள் அமைந்த இம்மண்ணிலே, மீண்டும் ஒரு பிள்ளை வேலிக்கு வெளியே நிற்கலாகாது. திருச்சபையோ பள்ளிவாசலோ திடல் தரட்டும், நன்றியோடு ஏற்போம். ஆட்டத்தின் நடுவே அழைப்பு மட்டும் வேண்டாம். யாருமே தராவிடின், தரவேண்டிய கடன் ஊராட்சிக்கு உண்டு.

அடுத்த வாரம் தமிழ்ப் பாடத்தில் 'விண்ணப்பம் எழுதுதல்' வந்தது. பிரதேச சபைக்கு விளையாட்டிடம் கேட்டு எழுதச் சொன்னேன். முழங்காலில் கட்டோடு வந்தவன் முதல் வரியில் 'கருணை கூர்ந்து' என எழுதியிருந்தான். அதை அடித்து, 'எமது உரிமையாக' என்று திருத்திக் கொடுத்தேன். அவன் சிறிது நேரம் அதைப் பார்த்துவிட்டு, "அப்படிக் கேட்கலாமா, சேர்?" என்றான்.

"கேட்டுப் பழகு" என்றேன். முப்பத்தொரு மாணவரும் கையொப்பமிட்ட அக்கடிதம் தபாலில் சேர்ந்துவிட்டது.