வசந்திக்கு, ஸ்கான் ரிப்போர்ட் பற்றி

கண்டி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தங்கச்சி வசந்தி,

போனில் நீ அழுத அழுகையில் பாதிப் பேச்சு எனக்கு விளங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதமென்றால் இரண்டு தரம் வாசிப்பாய், உன் வீட்டுக்காரருக்கும் காட்டுவாய்.

ரிப்போர்ட்டில் ஹஷிமோட்டோ என்றதும் புதுப் பூதம் என்று நினைக்காதே. ஜப்பானில் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற டொக்டர் 1912இலேயே நாலு நோயாளிகளின் தைரொயிட் சுரப்பியைப் பார்த்து எழுதி வைத்த வியாதி. உடம்பின் வெள்ளை அணுக்களே தைரொயிட்டைத் தாக்கி அழற்சியை உண்டாக்குகின்றன. லெப்பில் இருந்த காலத்தில் எத்தனை சிலைட் பார்த்திருப்பேன்! நல்ல சுரப்பி செங்கபில நிறம். ஹஷிமோட்டோ பிடித்தது வெளிறி, கத்திக்குக் கெட்டியாக இருக்கும். மைக்ரொஸ்கோப்பில் பார்த்தால் கருநீலப் புள்ளிகளாக லிம்போசைட்டுகள் கூட்டம் கூட்டமாய் நிற்கும். இடையில் வீங்கிப்போன இளஞ்சிவப்புக் கலங்கள்.

அதே சிலைட்டின் மூலையில் பப்பிலரி கேன்சரும் இருந்ததைக் கண்டிருக்கிறேன். உன்னிடம் மறைக்க மாட்டேன். இரண்டும் சேர்ந்து வருவதைப் பற்றி 1955இல் அமெரிக்காவில் எழுதினார்கள். அன்றைய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் ஒன்றை யோசி. எங்கள் மேசைக்கு வந்தவை யாருடைய சுரப்பிகள்? கட்டியில் சந்தேகம் வந்து ஒப்பரேஷன் செய்தவர்களுடையவை. மழை நாளில் கண்டி டவுனில் நின்று குடைகளை எண்ணி, ஊரார் எந்நாளும் குடையோடுதான் திரிகிறார்கள் என்று சொல்லலாமா? அறுவைச் சிகிச்சைக் கணக்கில் பெரிதாகத் தெரியும் தொடர்பு, ஊசி குத்திப் பார்த்தவர்களின் கணக்கில் மிகவும் மெலிந்துவிடுகிறது. போதாததற்கு, அழற்சியில் சாதாரணக் கலங்களின் கருவும் வெளிறிப் பப்பிலரி போலத் தோற்றம் காட்டும். பெரிய பெரிய டொக்டர்மாரே அந்த இடத்தில் நின்று நிதானிப்பார்கள்.

எங்கள் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அம்மாயியின் கழுத்துக் கழலை ஞாபகம் இருக்கிறதா? மலைநாட்டில் அந்தக் காலத்தில் உடம்புக்குக் கிடைத்த அயடின் குறைவு. 1995இல் உப்பில் அயடின் கட்டாயமானது. அயடின் கூடும் இடங்களில் இந்த அழற்சியும் கூடுவதை உலகம் எங்கும் கண்டிருக்கிறார்கள். கேன்சரிலும் பொலிகியுலர் வகை பின்தங்கி, பப்பிலரி முன்னுக்கு வரும். பேராதனையில் நோயியல் பேராசிரியராக இருந்த நீலகாந்தி ரத்னதுங்கவும் இன்னும் இருவரும் 2003இல் சிலோன் மெடிக்கல் ஜேர்னலில், கேன்சரின் போக்கு மாறியதில் அயடின் திட்டத்துக்குப் பங்கு உண்டா என்று கேட்டே கட்டுரை எழுதினார்கள். ஒரே காரணம் அழற்சி, பப்பிலரி இரண்டையும் கூட்டிவிட்டால், இரண்டும் சேர்ந்துதானே கண்ணில் படும்? அதற்காக உப்பை மாற்றிவிடாதே, பைத்தியக்காரி. கடற்பாசி மாத்திரை என்று எதையாவது வாங்கி விழுங்கவும் வேண்டாம்.

தைரொயிட்டில் வரும் லிம்போமாவுக்கும் ஹஷிமோட்டோவுக்கும்தான் உறவு உறுதியானது. ஆனால் அது மிக மிக அரிது. சில வாரங்களுக்குள் கழுத்து மளமளவென்று வீங்கினால், குரல் அடைத்தால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால் ஒரு நாள்கூடப் பிந்தாமல் டொக்டரிடம் ஓடு. அப்படி ஒன்றும் உனக்கு இல்லையே.

உன் கட்டி 8 மில்லிமீற்றர். தோற்றத்தில் சந்தேகம் இல்லாவிட்டால், ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைந்ததைப் பொதுவாக ஊசி குத்துவதில்லை. அழற்சி பிடித்த சுரப்பி ஸ்கானில் திட்டுத் திட்டாகத் தெரிவதால், கட்டி இல்லாத இடத்திலும் கட்டி போலக் காட்டும். அப்படியே பப்பிலரி வந்தாலும், பெரும்பாலும் மெதுவாக வளர்ந்து வைத்தியத்துக்கு நன்றாகக் கட்டுப்படுகிற வகைதான் அது. அழற்சியோடு சேர்ந்து வருவது இன்னும் சாதுவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

உன் டிஎஸ்எச் 9 என்றாய். அதற்குத் தந்த தைரொக்சினை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் போடு. தேத்தண்ணி அரை மணி நேரமாவது பிந்தட்டும். உனக்கு அதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும். கல்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் இதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். முடி கொட்டுதென்று பயோட்டின் போடுகிறாய்தானே, ரத்தம் கொடுக்க இரண்டு மூன்று நாளைக்கு முன்பே நிறுத்து. அது ரிப்போர்ட்டையே பிழையாகக் காட்டும்.

அடுத்த ஸ்கானுக்கு இங்கே வா. பழைய ஸ்கான் படத்தையும் கொண்டு வா, ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் கட்டி வளர்ந்ததா என்று சொல்வார்கள். பிள்ளைகளை அவர் பார்த்துக்கொள்ளட்டும், நீ இரண்டு நாள் நின்று போ.

அன்புடன்,
அக்கா