நாற்பத்தொன்பது அடி லாஞ்சும் ஒரு இன்ஜினும்



நான் ஒரு ஜாமீன் கையெழுத்துப் போட்ட விஷயம் எப்படியோ குடும்ப குரூப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பென்ஷன் பணத்தை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்கிற அளவுக்குப் போய்விட்டது. ஆளாளுக்கு போன் செய்து கேட்பதால் நானே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். காசிமேட்டுக்காரர்களுக்குத் தெரியும், அந்த இரண்டு மாதம்தான் லாஞ்சுகளுக்கு ஆஸ்பத்திரி காலம். பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, இன்ஜினைத் திறந்து பார்ப்பது எல்லாம் அப்போதுதான். அப்படித் திறந்து பார்த்த ஒருவன், தடை தொடங்கி ஒரு வாரத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். வாய்ப்பாட்டில் ஏழுக்கு மேல் போகவே மாட்டான். இப்போது அவன் பிள்ளை காலேஜ் போகிறது.

"டீச்சர், இன்ஜின் போச்சு."

அவன் அப்பா காலத்து லாஞ்ச். ஆறு சிலிண்டர், டர்போ வைத்த டீசல் இன்ஜின், 150 குதிரைத்திறன். சிலிண்டர் ஹெட்டில் விரிசல். பிளாக்கின் தண்ணீர்ப் பாதையை உப்பு அரித்துவிட்டது. டர்போ கையால் சுற்றினாலே ஆடுகிறது. ரீபோர் செய்தால் ஒரு வருஷம் ஓடலாம், ஓடாமலும் போகலாம் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

இதை ஏன் ஒரு ரிட்டயர்ட் டீச்சரிடம் வந்து சொல்கிறான் என்று கேட்பீர்கள். அவனுக்கு வேண்டியது கையெழுத்து. அது தவிர, என் அப்பா எண்ணூர் லேலண்டில் ஃபிட்டர் என்பது அவனுக்குத் தெரியும். (இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்தக் கம்பெனி 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்றுதான் தொடங்கியது. ஆஸ்டின் ஏ40 காரைத்தான் முதலில் பூட்டினார்கள். லேலண்ட் என்ற பெயர் 1955இல் சேர்ந்தது.) அப்பா ராத்திரி சாப்பிடும்போது சாம்பார் கிண்ணத்தையும் டம்ளரையும் வைத்து பிஸ்டன் எப்படிப் போய்வருகிறது என்று காட்டுவார். டர்போவையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். வீணாக வெளியே போகிற புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். காற்று கூடினால் டீசலையும் கூட்டி எரிக்கலாம், அதே இன்ஜினில் பலம் கூடும். ஆல்ஃபிரட் பூஹி என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1905இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கப்பலுக்கும் லாரிக்கும் வந்து, பிறகு பணக்காரர்களின் ரேஸ் கார் வரை போன சமாச்சாரம்.

சரி, அவன் முன்னால் மூன்று வழி இருந்தது.

ஒன்று, உடைத்த லாரியிலிருந்து எடுத்த பழைய இன்ஜின். விலை குறைவு. ஆனால் லாரி இன்ஜினை எதிர்க்காற்று குளிர்விக்கும், லாஞ்சில் அந்தக் காற்று ஏது? கடல்நீரை இழுக்க ஒரு பம்ப், நல்ல தண்ணீரைக் கடல்நீரால் குளிர்விக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சர், புகைக்குழாயைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிற உறை, எல்லாம் தனியாகச் செய்ய வேண்டும். அரைகுறையாகச் செய்தால், மூடிய இன்ஜின் அறைக்குள் டர்போ பழுத்துச் சிவக்கும். பக்கத்திலேயே டீசல் டேங்க். அதைக் கேட்டதுமே வேண்டாம் என்றேன்.

இரண்டு, அவன் மச்சான் சொன்ன வழி. யாரோ விற்கிற பெரிய சீன இன்ஜின், 350க்கு மேல். "கரைக்கு முதல்ல வர்றவனுக்குத்தான் ஏலத்துல ரேட்டு. லேட்டா வந்தா ஐஸ் காசுகூட வராது." மச்சான் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இந்த இன்ஜினால் சில வருஷங்களுக்கு முன் காசிமேட்டில் மீனவர்களுக்குள்ளேயே சண்டையும் போராட்டமும் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இப்போது விதியில் 240 குதிரைத்திறன்தான் உச்சம்.

நான் பழைய டைரியை எடுத்தேன். "லாஞ்ச் தண்ணியில உக்கார்ற நீளம் எவ்ளோடா?" 49 அடி என்றான். எனக்கு ஒரே சந்தோஷம், முழு வர்க்க எண்! 49க்கு வர்க்கமூலம் 7. அதை 1.34ஆல் பெருக்கினால் சுமார் 9.4. அவன் லாஞ்சு மாதிரி கனமான உடம்புள்ள படகு மணிக்கு 9.4 கடல்மைலுக்கு மேல் போகத் திணறும். ஏனென்றால் ஓடும் படகு முன்னால் ஒரு அலையும் பின்னால் ஒரு அலையும் எழுப்பும். அந்த வேகத்தில் இரண்டு அலைக்கும் நடுவே அதுவே மாட்டிக்கொள்ளும். மேலும் முறுக்கினால் பின்பக்கம் அமுங்குமே தவிர வேகம் பெரிதாகக் கூடாது.

அடுத்த கணக்கு டீசல். முழு பலத்தில் ஓடும்போது ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குத் தோராயமாக 0.2 லிட்டர். 60 கடல்மைல் தூரத்திலிருந்து திரும்புகிறான் என்று வையுங்கள். பழைய 150 இன்ஜினில் 8 கடல்மைல் வேகம்: ஏழரை மணி நேரம், 225 லிட்டர். சட்டத்துக்கு உட்பட்ட 240ஐயே போட்டு 9.4இல் ஓட்டினால் 6 மணி 23 நிமிஷம், 306 லிட்டர். மிச்சம் ஒரு மணி ஏழு நிமிஷம். கூடுதல் செலவு 81 லிட்டர், ஒரு வழிக்கு மட்டும்.

அவன் டைரியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "கணக்கு சரி டீச்சர். ஆனா வலை இழுக்கறப்போ பவர் வேணுமே. அத்த நீங்க போடலியே."

போடவில்லைதான். ஏழாம் வாய்ப்பாடு தாண்டாதவன் என் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்துவிட்டான்.

இதற்கு நடுவில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே வகுப்பில், அதே பெஞ்சில் உட்கார்ந்த இன்னொருவன் இப்போது ஃபைபர் படகில் தொழில் செய்கிறான். போன வருஷம் கரையோரத்தில் போட்டிருந்த அவன் வலையை ராத்திரியில் ஏதோ ஒரு பெரிய லாஞ்ச் அறுத்துக்கொண்டு போய்விட்டது. யார் என்று தெரியவில்லை. கரையோரக் கடல் சிறு படகுகளுக்குத்தான் என்று 1983 சட்டமே சொல்கிறது, இருட்டில் அதை யார் பார்க்கிறார்கள்? வலைக்கு வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. அன்றைக்கு அவன் என்னிடம் வந்து அழுதான். நான் காபி கொடுத்து அனுப்பினேன். அவ்வளவுதான் செய்தேன்.

அதனால் லாஞ்சுக்காரனிடம் நேராகச் சொன்னேன். 240க்கு மேல் போனால் என் கையெழுத்து கிடையாது. ராத்திரியில் கரையோரம் வலை போடுகிறான் என்று காதில் விழுந்தாலும் நானே போய் ஜாமீனைத் திரும்ப வாங்கிவிடுவேன். (அப்படியெல்லாம் வாங்க முடியாது என்று பிறகு மகள் சொன்னாள். அவனுக்கும் தெரிந்திருக்கும். தலையாட்டினான்.)

கடைசியில் மூன்றாவது வழிக்கே வந்தான். கடலுக்கென்றே செய்த புது டர்போ இன்ஜின், 180. பழைய கியர்பாக்ஸும் ஷாஃப்டும் அதைத் தாங்கும் என்று மெக்கானிக் பார்த்துச் சொன்னார். புரொப்பெல்லரை மட்டும் மாற்றினார்கள். மனைவியின் நகை போனது. மீதி கடன், அதில் ஒன்றரை லட்சத்துக்கு என் ஜாமீன். மகள் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. என் மருத்துவச் செலவைப் பார்ப்பவள் அவள்தான்.

ஜூன் 14 சாயங்காலம் காசிமேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், நடக்க இடமில்லை. இன்ஜினை ஓட்டிக் காட்டினான். டர்போவின் அந்த மெல்லிய விசில் சத்தம் கேட்டது, அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவன் சட்டென்று நிறுத்தப் போனான். "டேய், அஞ்சு நிமிஷம் ஸ்லோவுல விட்டு நிறுத்து. இன்ஜின் நின்னா ஆயிலும் நின்னுடும், டர்போ சூட்டுல சுத்திக்கிட்டிருக்கும்," என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நிறுத்த ஐந்து நிமிஷம் எடுத்தான்.

இரண்டு தவணை கட்டிவிட்டான், ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். முதல் டிரிப்பில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லையாம்.

ஃபைபர்காரன் போன வாரம் தெருவில் பார்த்தான். "அவனுக்குக் கையெழுத்து போட்டீங்களாமே டீச்சர்," என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உனக்கு வலை போனபோது நான் இதைச் செய்திருக்கலாம், செய்யவில்லை. நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வா. வலைக்கடன் சீட்டையும் எடுத்துக்கொண்டு வா. அவனையும் வரச் சொல்லியிருக்கிறேன். ரெண்டு பேரும் மீன் எடுத்துக்கொண்டு வராதீர்கள், அன்றைக்கு சாம்பார்தான்.