அவரைப் பந்தல்

நாற்பத்தாறு வயதில் பனிச்சறுக்கா என்று தாம்பரத்தில் சிரிக்காதவர்கள் இல்லை. மனைவி மட்டும், "தையில் அவரை காய்க்கும்; நான் வரவில்லை" என்றாள். கோபித்துக்கொண்டு தனியே குல்மார்க் போனேன்.

உயரம் சுமார் 2,650 மீட்டர். தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது; குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகவே மாட்டேனென்றது. நான் சறுக்கியதைவிட விழுந்ததே அதிகம், அதை விவரிப்பானேன்!

ஒருநாள் அடிவாரத்துத் தங்மார்க்கில், ஒரு வீட்டுக் கிழவி கத்தரி வற்றல் சமைத்துப் போட்டாள். தோட்டம் பனியில் புதையும் மாதங்களுக்காகக் காஷ்மீரிகள் கத்தரி, சுரை, தக்காளியை வெயில் காலத்திலேயே நறுக்கி உலர்த்திவிடுகிறார்கள். சேலையூர் மொட்டைமாடியில் குந்தி வற்றல் புரட்டும் கை நினைவுக்கு வந்தது. அந்த வற்றலை நான் ஒருநாளும் புகழ்ந்ததில்லை.

பருவம் முடியுமுன்பே திரும்பினேன். அவரை முற்றிவிட்டிருந்தது.

"விதைக்கு விட்டிருக்கிறேன்" என்றாள், என் முகத்தைப் பாராமலே.