வழியில் இருந்த ஊர்

முப்பத்தோரு வருஷம் சென்னையில் ஒரு டிராவல் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஊரில் கேட்டால் "டிக்கெட் போடுற வேலை" என்பார்கள். டிக்கெட் போட வேறு ஆட்கள் இருந்தார்கள். என்னிடம் வந்தவர்கள் ரொம்ப வசதியானவர்கள். இருபது நாள், ஒரு மாதம் என்று தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள். எங்கே தங்குவது, எந்தக் கோயிலுக்கு எத்தனை மணிக்குப் போவது, எந்த டிரைவரை அனுப்புவது என்று எல்லாம் நான்தான் முடிவு செய்வேன்.

எந்த ஊருக்குப் போக ஆசை என்று முதலில் கேட்கமாட்டேன். படி ஏறுவீர்களா, தொடர்ந்து எவ்வளவு நேரம் காரில் உட்கார முடியும், ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பீர்கள் என்று கேட்பேன். வயதானவர்களின் பயணத்தைத் தீர்மானிப்பது தாஜ்மகாலோ மீனாட்சி அம்மன் கோயிலோ இல்லை, கழிப்பறைதான். வழியில் சுத்தமான கழிப்பறை இருந்தால் அந்த ஊர் திட்டத்தில் சேரும். இல்லாவிட்டால் சேராது. சிரிக்காதீர்கள், நம்மில் பலருக்கும் இப்போது அந்த வயதுதான்.

இந்த ஆசை எனக்கு வந்தது ஏ.கே. செட்டியாரால். கோட்டையூரில் 1911-ல் பிறந்து, உலகமெல்லாம் அலைந்து, காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து 1940-ல் ஆவணப்படமாக வெளியிட்டாரே, அவர்தான். கோவில்பட்டி நூலகத்தில் அவருடைய 'உலகம் சுற்றும் தமிழன்' புத்தகத்தைப் படித்துவிட்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். எந்த ரயிலிலும் ஏற மாட்டேன். காசு ஏது?

பிறகு ஏறினேன். ஏறினவன், ஊரை மறந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். நான் போட்ட திட்டங்களில் மதுரைக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே ஒரே வரிதான் இருக்கும்: 'காலை உணவுக்குப் பின் காரில் பயணம், சுமார் ஐந்து மணி நேரம்.' விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு எல்லாம் அந்த வரிக்குள் அடங்கிவிடும். நான் பிறந்த ஊரும், பாரதி பிறந்த எட்டயபுரமும்கூடத்தான்.

2004 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அக்கா தங்கை, இருவருக்கும் எழுபது வயது இருக்கும். ஒருநாள் பதினோரு மணிக்கு டிரைவர் போன் பண்ணினார். "சார், பெரியம்மாவுக்கு வயிறு சரியில்ல. சாத்தூர் தாண்டிட்டோம். கோவில்பட்டி வரை தாங்காதுங்கிறாங்க."

எனக்கு ஒரே ஒரு இடம்தான் ஞாபகத்துக்கு வந்தது. மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் என் அக்கா வீடு. மச்சானுக்கு முழங்கால் வலி வந்து, முந்தின வருஷம்தான் வெஸ்டர்ன் டாய்லெட் கட்டியிருந்தார்கள். அக்காவுக்குப் போன் போட்டு, "ஒரு பத்து நிமிஷம்தான்" என்றேன்.

அவர்கள் கிளம்பும்போது மணி ஒன்றரை. கன்னியாகுமரியில் சூரிய அஸ்தமனம் போய்விடுமே என்று நான் சென்னையில் தவித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே கருப்பட்டிக் காப்பியும் கடலைமிட்டாயும் ஆகி, பெரியம்மா திண்ணையில் கொஞ்சம் படுத்து எழுந்து, தங்கைக்காரி களத்தில் அக்காவோடு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாளாம். அக்காவுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது.

அன்றைக்கு ராத்திரி அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். "ஏலேய், முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு கோழி அடிச்சிருப்பேன்ல. யார் யாருக்கோ வழி சொல்லுத, நம்ம வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்ப உனக்கு இத்தனை வருசமாச்சா?"

பயணம் முடிந்து அவர்கள் தந்த கருத்துப் படிவத்தில் படகு வீட்டின் ஜெனரேட்டர் சத்தத்தைப் பற்றி ஒரு வரி, அக்கா வீட்டைப் பற்றி அரைப் பக்கம். அதை முதலாளியிடம் காட்டி, கழுகுமலையைத் திட்டத்தில் சேர்க்கலாம் என்றேன். எல்லோரா கைலாசநாதர் கோயிலைப் போலவே மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்த வெட்டுவான் கோயில் அங்கே இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. பக்கத்துப் பாறையில் வரிசை வரிசையாகச் சமணச் சிற்பங்கள். எல்லோராவுக்கு விமானத்தில் அனுப்புகிறோம், போகிற வழியில் இருப்பதைக் காட்டக்கூடாதா?

"தங்க நல்ல ஹோட்டல் இருக்கா?" என்றார். இல்லை. பேச்சு முடிந்தது. அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நானும் இன்னொரு தடவை கேட்கவில்லை. வெயிலும் சீமைக்கருவேல முள்ளும் உள்ள பூமியைப் பணம் கொடுத்தவர்களுக்குக் காட்ட எனக்கே கூச்சமாக இருந்தது.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் அக்காவிடம், "எங்க போகணும் சொல்லு. எந்தப் பெரிய ஹோட்டல்னாலும் எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கு" என்றேன். மச்சான் அப்போது இல்லை.

அக்கா யோசிக்கவே இல்லை. "கழுகுமலைக்கு மேல ஏறணும்டா. பங்குனி உத்திரத்துக்கு எத்தனை வருசம் போயிருக்கேன். கீழே முருகனைக் கும்பிட்டுட்டுத் திரும்பிருவோம். பிள்ளைகளை இடுப்புல வச்சுக்கிட்டு எங்க ஏற?"

ஆட்டோவில் போனோம். வெயிலுக்கு முன்னால் காலை ஏழு மணிக்கு ஏற ஆரம்பித்து, ஐந்து இடத்தில் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தோம். என் தொழில் அனுபவம் முழுவதும் தண்ணீர் பாட்டிலிலும் ஒரு மடக்கு நாற்காலியிலும் இருந்தது. மேலே நின்று குனிந்து பார்த்தாள். விமானத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். மேலே அவ்வளவு நுணுக்கம், கீழே வெறும் பாறை.

"ஏன் பாதியில விட்டுட்டான்?"

அப்பன் சிற்பி பொறாமையில் மகன் சிற்பியைக் கொன்ற ஊர்க்கதையைச் சொன்னேன். அக்கா நம்பவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கீழே கண்ணுக்கெட்டிய வரை கிடந்த கரிசலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அதெல்லாம் இருக்காது. கூலி ஒழுங்கா வந்திருக்காது."